சிறுதொழிலுக்கான இலக்குச் சந்தையைக் கண்டறிதல்

இலக்குச் சந்தை என்பது, ஒரு தொழில் தன் பொருளை அல்லது சேவையை விற்பதற்கெனத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் வாடிக்கையாளர் பிரிவு ஆகும். ஒரே சந்தையில் வெவ்வேறு தேவையுடைய பிரிவுகள் இருக்கின்றன என்னும் கருத்தை, அமெரிக்கச் சந்தையியல் அறிஞர் வெண்டெல் ஸ்மித் 1956 இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார்.

பெரிய நிறுவனம் தவறான பிரிவைத் தேர்ந்தெடுத்தால் வேறொரு பொருளின் இலாபத்தைக் கொண்டு இழப்பை ஈடுகட்டிக்கொள்ளும். சிறுதொழில் செய்பவருக்கு அந்த வசதி இல்லை. சேமிப்பு, நகைக் கடன் போன்றவற்றால் திரட்டிய முதல் ஒருமுறை கரைந்துவிட்டால், மீண்டும் தொடங்குவது கடினம். ஆகவே "எல்லோருக்கும் விற்கலாம்" என்று தொடங்குவதைவிட, யாருக்கு விற்பது என்பதை முதலில் முடிவு செய்வதே பாதுகாப்பானது.

பிரிக்கும் அடிப்படைகள்

வாடிக்கையாளரைப் பொதுவாக நான்கு அடிப்படைகளில் பிரிப்பர்.

1. இடம்: ஊர், தெரு, கடையிலிருந்து உள்ள தொலைவு.
2. மக்கள் இயல்பு: வயது, பாலினம், வருமானம், தொழில், குடும்ப அளவு.
3. மனப்போக்கு: விருப்பம், நம்பிக்கை, வாழ்க்கை முறை.
4. வாங்கும் பழக்கம்: எப்போது, எவ்வளவு, எத்தனை முறை வாங்குகிறார்; ரொக்கமா, கடனா.

சிறுதொழிலுக்கு முதலாவதும் நான்காவதும் மிகவும் பயன்படும். இவற்றை நேரில் பார்த்தும் கேட்டும் செலவின்றி அறியலாம்.

ஓர் எடுத்துக்காட்டு

வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்க ஒருவர் எண்ணுகிறார் எனக் கொள்வோம். அவரால் நாளொன்றுக்கு 40 கிலோ அரைக்க முடியும். வாரத்தில் ஆறு நாள் வேலை செய்தால் 240 கிலோ. இதை வாங்கக்கூடியவர்கள் மூன்று வகையினர்.

சிற்றுண்டிக் கடைகள் மொத்தமாக வாங்கும். ஆனால் விலையைக் குறைத்துக் கேட்கும், பணத்தையும் தாமதித்துத் தரும். மளிகைக் கடைகள் தங்களுக்கு ஒரு பங்கு கேட்கும். விற்காத மாவு புளித்துத் திரும்பி வரும். கணவன், மனைவி இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகள் சிறிதளவே வாங்கும். ஆனால் முழு விலையையும் உடனே தரும்.

மூன்றாம் பிரிவைத் தேர்ந்தெடுத்தால் அடுத்து எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். ஒரு வீடு வாரத்துக்கு 2 கிலோ வாங்கினால், 240 கிலோ விற்க 120 வீடுகள் தேவை. மூன்று வீடுகளில் ஒன்று வாங்கும் என வைத்துக்கொண்டாலும், நடந்து சென்று கொடுக்கும் தொலைவில் அத்தகைய 360 வீடுகள் இருக்க வேண்டும். அவ்வளவு இல்லையெனில், குறைவாக அரைக்க வேண்டும். அல்லது வேறு பிரிவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கிரைண்டர் வாங்கும் முன்பே இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

சிக் ஷாம்பு

கடலூரைச் சேர்ந்த சி. கே. ரங்கநாதன் 1983 இல் 15,000 ரூபாய் முதலீட்டில் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். அவர் தந்தை சின்னி கிருஷ்ணன், ஷாம்புவைச் சிறு பாக்கெட்டுகளில் அடைத்து விற்பதில் முன்னோடி. போத்தலில் வந்த ஷாம்புகள் நகரத்து வசதியுள்ளோரை நோக்கியே விற்கப்பட்ட காலத்தில், சிக் தென்னிந்தியக் கிராமங்களையும் சிற்றூர்களையும் நாடியது. அங்குப் பலர் தலைக்குச் சோப்பையும் சீயக்காயையும் பயன்படுத்தி வந்தனர். போத்தல் வாங்கப் பணமில்லாதவரும் ஒரு முறைக்குத் தேவையான ஷாம்புவை வாங்க முடிந்தது. ஊர் ஊராகச் சென்று ஷாம்பு போட்டுக் குளிக்கும் முறை செய்து காட்டப்பட்டது. பின்னர் 50 காசு பாக்கெட்டும் வந்தது. அந்நிறுவனமே இன்றைய கெவின்கேர். பொருளின் அளவு, விலை, விளம்பர முறை ஆகியவை இலக்குப் பிரிவைப் பொறுத்தே அமைந்தன என்பதை இது காட்டுகிறது.

தேர்வைச் சோதித்தல்

தேர்ந்தெடுத்த பிரிவைப் பற்றிப் பின்வருவனவற்றைக் கேட்டுப் பார்க்கலாம்.

- இத்தேவைக்கு அவர்கள் இப்போது யாரிடம், என்ன விலை கொடுத்து வாங்குகிறார்கள்?
- பயன்படுத்துபவரும் பணம் கொடுப்பவரும் ஒருவரா? தனிப்பயிற்சி வகுப்பில் படிப்பவர் மாணவர். கட்டணம் செலுத்துபவர் பெற்றோர்.
- அவர்கள் மீண்டும் வாங்குவார்களா?

உறவினரும் நண்பரும் "நன்றாக இருக்கிறது" என்று சொல்வதைச் சான்றாகக் கொள்ளக்கூடாது. அறிமுகமில்லாத சிலருக்குச் சிறிய அளவில் விற்று, அவர்களில் எத்தனை பேர் இரண்டாம் முறை பணம் கொடுத்து வாங்குகிறார்கள் என்று குறித்துவைப்பதே நம்பகமான சோதனை. வாடிக்கையாளரின் பழக்கமும் போட்டியாளரும் மாறுவதால், இச்சோதனையை அவ்வப்போது மீண்டும் செய்ய வேண்டும்.