கரைச்சல்காரி என்று எழுதிய கோவை

2017ஆம் ஆண்டு ஜூன் மாத நடுப்பகுதியில் ஒருநாள், நான் அப்போது வேலை செய்த வவுனியா அலுவலகத்திற்கு ஒரு தாய் வந்தார். அவர் வருவது புதிதல்ல. மாதத்தில் இரண்டு தடவையாவது வருவார். 2009இல் கணவரை இழந்தவர். பிள்ளைகள் இருவரின் படிப்புக்காக ஊர்க்காணியை விட்டுவிட்டு நகரத்தில் வாடகைக்கு இருந்தார். ஒரு பழைய பெரிய வீட்டைப் பலகையால் அடைத்து ஐந்து அறைகளாக்கி, ஐந்து குடும்பங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். யன்னல்களுக்கு இரும்புக் கம்பி. பின்கதவுக்குக் களவுப் பயத்தில் ஆமைப்பூட்டு, திறப்பு வீட்டுக்காரரிடம். முன்பக்க விறாந்தைதான் எல்லோருக்கும் சமையலிடம். அங்கே காஸ் சிலிண்டரும் மண்ணெண்ணெய் அடுப்பும் வரிசையாக இருந்தன. ஒரு வீட்டுக்கென்று இழுத்த மின்சாரம் ஐந்து அறைகளுக்கும் பிரிந்து போனது. இரவில் சுவிச்சைத் தொட்டால் சுடுகிறது என்பார்.

அன்று வந்தவர் கதிரையில் இருக்கவுமில்லை. "ரீவியிலை பாத்தனீங்களே மிஸ்? லண்டனிலை எரிஞ்ச கட்டடம். அவ்வளவு பெரிய கட்டடத்துக்கும் ஒரே ஒரு படிதானாம்" என்றார்.

நான் தலையாட்டினேன். லண்டனின் 24 மாடிக் கோபுரத்திற்கும் இறம்பைக்குளத்துப் பக்கத்து ஓட்டு வீட்டிற்கும் என்ன தொடர்பு என்று மனதிற்குள் நினைத்ததை இப்போது மறைப்பதில் பயனில்லை. அவருடைய கோவையில் அதற்கு முன்னரே என் கையெழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: "அடிக்கடி முறைப்பாடு செய்பவர். வீட்டுக்காரருடன் ஒத்துப்போகாத சுபாவம்." அலுவலகத்தில் நாங்கள் பேசிக்கொள்ளும்போது இன்னும் சுருக்கமாகச் சொல்வோம். கரைச்சல்காரி.

அந்தக் கோபுரத்தின் பெயர் கிரென்பெல். லண்டனில் வட கென்சிங்டன் பகுதியில் 1974இல் கட்டி முடிக்கப்பட்டது. இங்கிலாந்தின் மிகச் செல்வம் நிறைந்த பிரதேசங்களில் ஒன்றான அந்த நகரசபைப் பிரிவுக்குள், கூலி உழைப்பாளரும் முதியோரும் பல நாடுகளிலிருந்து வந்து குடியேறியோரும் வாழ்ந்த தொடர்மாடி அது. போரிலிருந்து தப்பி வந்த சிரிய அகதிகளும் அங்கே இருந்தார்கள். கட்டடம் நகரசபைக்குச் சொந்தமானது. அதைப் பராமரித்து நிர்வகிக்கும் பொறுப்பு 'குடியிருப்போர் முகாமைத்துவ அமைப்பு' என்ற ஒன்றிடம் கொடுக்கப்பட்டிருந்தது. அதன் சபையில் குடியிருப்போரின் பிரதிநிதிகளும் இருந்தார்கள். ஆனால் பெயரில் குடியிருப்போர் இருந்த அளவுக்கு அதன் காதில் அவர்கள் இருக்கவில்லை.

தீப்பிடித்த இரவைப் பற்றி உலகம் முழுவதும் எழுதிவிட்டார்கள். அதற்கு முந்திய வருடங்களில் நடந்த இழுபறியே எங்களைப் போன்றவர்கள் கவனித்துப் படிக்கவேண்டிய பகுதி. 2013 மே மாதத்தில் கோபுரத்தின் மின்சாரத்தில் திடீர் ஏற்றம் உண்டாகி, வீடுகளில் இருந்த மின்சாதனங்கள் புகைந்து பழுதாகின. பல நாட்களாகச் சொல்லியும் கவனிக்கவில்லை என்று மக்கள் கொதித்தார்கள். நிர்வாகத்தைக் கண்டித்துத் தொடர்ந்து இணையத்தில் எழுதிவந்த குடியிருப்பாளருக்கு, அதே ஆண்டு ஜூலையில் நகரசபையின் சட்டத்தரணியிடமிருந்து, எழுதியவற்றை நீக்கும்படி கடிதம் வந்தது. பிறகு கட்டடத்தைத் திருத்தும் வேலை தொடங்கியது. வீட்டைச் சூடாக்கும் கருவியைக் குறுகலான நடைவழியில் பொருத்தியதை மக்கள் எதிர்த்தார்கள். 2015 டிசெம்பரில், இந்தத் திருத்த வேலைகளில் தம்மை நடத்தும் விதத்தைச் சுயாதீனமாக விசாரிக்கவேண்டும் என்று பலர் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தார்கள். அதற்குச் சிறிது முன், ஒக்டோபரில், இதே நிர்வாகத்தின் கீழிருந்த இன்னொரு தொடர்மாடியில் தீ விபத்து நடந்திருந்தது. வீட்டுக் கதவுகள் தாமாக மூடிக்கொள்ளாததைத் தீயணைப்புப் படை குறையாகச் சொல்லியிருந்தது. கிரென்பெல்லிலும் பல வீடுகளில் அந்தக் கருவி இல்லை, அல்லது பழுது. 2016ஆம் ஆண்டின் பின்பகுதியில் ஒரே படிக்கட்டு வழியாகப் புதிய காஸ் குழாய்களைக் கொண்டுபோனபோது, அவற்றை மூடாமல் விட்டது ஆபத்து என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். தீப்பிடித்த நாளிலும் அந்த மூடும் வேலை முழுமையாக முடிந்திருக்கவில்லை.

2016 நவம்பரில் குடியிருப்பாளர் குழுவொன்று வெளியிட்ட பதிவில், பெரும் உயிரிழப்பு ஒன்று நேர்ந்தால்தான் இந்த நிர்வாகத்தின் திறமையின்மை வெளியே தெரியவரும் என்ற கருத்து எழுதப்பட்டிருந்தது. ஏழு மாதங்கள் கடந்தன.

ஜூன் 14 அதிகாலை 12.54க்கு முதல் அழைப்பு. நாலாம் மாடியில் ஒரு வீட்டுச் சமையலறையில், குளிர்சாதனப் பெட்டியருகே தீ. தீயணைப்புப் படையினர் உள்ளே போய்ச் சமையலறைத் தீயை அடக்கினார்கள். அதற்குள் தீ யன்னல் வழியே வெளிச்சுவரைப் பற்றிவிட்டது. குளிரைத் தடுக்கவும் பார்வைக்கு அழகாயிருக்கவும் 2016இல் முடிந்த திருத்த வேலையில் சுவரைச் சுற்றி ஒட்டியிருந்த அலுமினியத் தகடுகளின் நடுவே இருந்தது பொலித்தீன் இனத்தைச் சேர்ந்த பிளாஸ்டிக். முதலில் நாகத் தகடு என்றுதான் திட்டம். மாற்றினால் ஏறத்தாழ மூன்று இலட்சம் பவுண் மிச்சம் என்று மாற்றினார்கள். அரை மணித்தியாலத்தில் தீ உச்சிக்கு ஏறியது. "வீட்டுக்குள்ளேயே இருங்கள்" என்ற வழமையான அறிவுரை 2.35 வரை மாறவில்லை. அதை 1.30க்கும் 1.50க்கும் இடையிலேயே மாற்றியிருக்கவேண்டும் என்று விசாரணை பின்னர் சொன்னது. மொத்தம் 72 பேர் இறந்தார்கள். அவர்களில் 18 பேர் சிறுவர்கள். அங்கே வாழ்ந்த மாற்றுத்திறனாளிகள் 37 பேரில் 15 பேர் தப்பவில்லை. இப்படி ஒன்று நடந்தால் அவர்களை எப்படிக் கீழே இறக்குவது என்று தனித்தனித் திட்டம் எவருக்கும் இருக்கவில்லை. பாதுகாப்புக் கேட்டுக் குரல் கொடுத்தவர்களில் இரண்டு பெண்களும் இறந்தவர்களுள் அடங்குவர்.

இங்கே ஒரு உண்மையை விட்டுவிடக் கூடாது. குடியிருப்பாளர்களின் முறைப்பாடுகளில் மின்சாரம், காஸ், கதவு, தீயணைப்பு வண்டி வரும் பாதை எல்லாம் இருந்தன. அவ்வளவு பேரைக் கொன்ற வெளித்தகடு எரியும் என்பதை அவர்கள் எழுதவில்லை. அது அவர்களுக்கும் தெரியாது. சில கடிதங்கள் கடுமையானவை. சில குற்றச்சாட்டுகள் அளவுக்கு மிஞ்சியவையாகவும் இருந்திருக்கலாம். அப்படியானால் நிர்வாகம் அவற்றைத் தள்ளி வைத்தது நியாயம்தானே என்று ஒருவர் கேட்கலாம். 2017இல் என்னைக் கேட்டிருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

ஓய்வுபெற்ற நீதிபதி சேர் மார்ட்டின் மூர்-பிக் தலைமையிலான விசாரணையின் இறுதி அறிக்கை 2024 செப்டெம்பர் 4ஆம் திகதி வெளிவந்தது. ஏழு தொகுதிகள். இறந்த அனைவருமே தவிர்த்திருக்கக்கூடிய மரணத்தை அடைந்தார்கள் என்று அவர் சொன்னார். அரசாங்கம், தகடு செய்து விற்ற கம்பனிகள், கட்டடக்கலைஞர், ஒப்பந்தக்காரர், நகரசபை என்று பொறுப்பைப் பிரித்து வைத்தார். அந்த அறிக்கையில் நிர்வாகத்திற்கும் குடியிருப்போருக்கும் இடையிலான உறவு பற்றிய பகுதியைத்தான் நான் இரண்டு தடவை படித்தேன். நிர்வாகம் அவர்களில் சிலரைச் சண்டைக்காரக் குழப்பவாதிகள் என்றும், ஒருசிலர் தூண்டிவிட்டு நடத்துகிறார்கள் என்றும் பார்த்தது. இருபக்கமும் நம்பிக்கை இல்லாமல் போய்ச் சூழல் நஞ்சானது என்று அதில் இருக்கிறது. ஆனால் அதோடு நிற்கவில்லை. பாதுகாப்பான வீட்டுக்கு அந்த மக்கள் நிர்வாகத்தை நம்பித்தான் இருக்கவேண்டும். ஆகவே அது சமமானவர்களின் சண்டை அல்ல. முறைப்பாடு எவ்வளவு எரிச்சலூட்டினாலும், மதித்துக் கேட்கவேண்டிய கடமை பலமுள்ள பக்கத்துக்கே உரியது. உறவை அவ்வளவுக்குக் கெடவிட்டது நிர்வாகத்தின் பாரதூரமான தவறு என்று அறிக்கை முடிவு கட்டுகிறது.

அதிகாரம் சமமற்றது என்பதைச் சமூகவியல் பட்டப்படிப்பில் மூன்று வருடம் படித்து, பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி நல்ல புள்ளியும் வாங்கியவள் நான். அந்தத் தாயின் கோவையில் "ஒத்துப்போகாத சுபாவம்" என்று எழுதும்போது அது நினைவுக்கு வரவில்லை.

அன்று அவர் போன பிறகு, ஒரு கிழமை கழித்து அந்த வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரர் தேநீர் தந்து உபசரித்தார். "அந்த அம்மாவுக்கு வாய் கூட மிஸ். மற்ற நாலு குடும்பமும் ஒண்டும் சொல்லேல்லைத்தானே" என்றார். மற்றப் பெண்களிடம் கேட்டேன். பிரச்சினை ஒன்றுமில்லை என்றார்கள். அவர்களிடம் கேட்டபோது வீட்டுக்காரர் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார் என்பதை அப்போது நான் ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. அலுவலகத்திற்கு வந்து "நேரில் பார்வையிடப்பட்டது, வீட்டுக்காரர் ஒத்துழைக்கிறார்" என்று எழுதி மூடினேன். பின்கதவின் பூட்டைத் திறந்து பார்க்கும்படி நான் கேட்கவேயில்லை. இரண்டு மாதத்தில் அந்தத் தாயை எழுப்பிவிட்டார்கள். முற்பணத்தில் ஒரு பகுதியை, பெயின்ற் அடிக்கவேண்டும் என்று பிடித்துக்கொண்டார்கள்.

அந்த வீடு எரியவில்லை. இன்றும் நிற்கிறது. எரியாதபடியால் என் குறிப்புச் சரியென்று ஆகிவிடாது.

கிரென்பெல் மக்கள் தீக்கு முன்னர் எழுதிய கடிதங்களும் மின்னஞ்சல்களும், யார் எதை எப்போது அறிந்திருந்தார்கள் என்பதை விசாரணைக்குக் காட்டின. எழுதியபோது பயனில்லாமல் போனவை அவை. உயிர் தப்பியோரும் உறவுகளும் விடாமல் நின்றதில், 2018 மார்ச்சில் வீடுகளின் நிர்வாகம் அந்த அமைப்பிடமிருந்து நகரசபைக்குத் திரும்பியது. 2023இல் சமூக வீடமைப்பு ஒழுங்குபடுத்தல் சட்டம் வந்தது. அதன் ஒரு பகுதிக்கு ஆவாப் சட்டம் என்று பெயர். றொச்டேல் நகரில் பூஞ்சணம் பிடித்த வாடகை வீட்டில் 2020 டிசெம்பரில் இறந்த இரண்டு வயதுக் குழந்தையின் பெயர் அது. அந்தக் குழந்தை பிறக்கு முன்னரே தகப்பன் பூஞ்சணத்தைப் பற்றி முறையிட்டபோது, மேலே பெயின்ற் அடிக்கச் சொன்னார்களாம். 2025 ஒக்டோபர் 27 முதல் அங்கே சமூக வீடுகளின் உரிமையாளர், உயிராபத்தான குறை என்று அறிவித்தால் 24 மணித்தியாலத்திற்குள் நடவடிக்கை எடுக்கவேண்டும். மற்றப் பாரதூரமான ஈரக்கசிவு, பூஞ்சணம் போன்றவற்றைப் பத்து வேலை நாட்களுக்குள் வந்து பார்க்கவேண்டும். தீக்கு யார் குற்றவாளி என்ற குற்றவியல் வழக்கில் மட்டும் நான் இதை எழுதும்வரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

எங்கள் ஊர்களில் கிழமைக் கணக்குச் சொல்லி வீட்டுக்காரரைக் கேட்க இப்படியொரு ஏற்பாடு இல்லை. அதற்காக வாயால் மட்டும் சொல்லிவிட்டு வரவேண்டும் என்றில்லை. திகதி போட்டு எழுதுங்கள், பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் எழுதினால் அவர் கரைச்சல்காரி. ஐந்து பேர் சேர்ந்து கையெழுத்திட்டால் அதே பெயரை வைப்பது கொஞ்சம் கஷ்டம். முற்பணத்துக்கும் மாத வாடகைக்கும் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். மலசலகூடம், கழிவுநீர் போன்றவற்றுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போகலாம். முற்பணத் தகராறு என்றால் மத்தியஸ்த சபை இருக்கிறது, அங்கே சட்டத்தரணி தேவையில்லை. பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். அவரும் என்னைப்போலத் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினால், அதையும் திகதியோடு எழுதி வையுங்கள்.

இந்தக் கட்டுரைக்காக அந்தத் தாயைத் தேடிப் பேசினேன். இப்போது ஊரில், சொந்தக் காணியில் இருக்கிறார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். "விடுங்கோ மிஸ், எரியேல்லைத்தானே" என்று சிரித்தார். வீட்டுக்காரருக்கு எழுதிய ஏழு கடிதங்களின் பிரதிகளும் பழைய பிஸ்கட் ரின்னுக்குள் பத்திரமாக இருக்கின்றன என்றார். ஏழு கடிதம் எழுதினார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

மகளுக்கு யாழ்ப்பாணத்தில் வேலை கிடைத்திருக்கிறதாம். போன மாதம் அறை பார்க்கக் கூடப் போனவர், பின்கதவின் திறப்பு யாரிடம் இருக்கும் என்றுதான் முதலில் கேட்டிருக்கிறார். இவ்வளவு கேள்வி கேட்கிற ஆட்களுக்கு அறை இல்லை என்று அந்த வீட்டு அம்மா சொல்லிவிட்டாராம். இப்போது வேறு இடம் பார்க்கிறார்கள்.