காய்ச்சல் போனபின் எரியும் பாதங்கள்

கொரோனா ஜுரம் தணிந்து, இருமலும் அடங்கி, வீட்டார் யாவரும் அந்த வியாதியை மறந்துவிட்ட பிற்பாடு, இராத்திரி வேளையில் பாதங்கள் திகுதிகுவென்று எரிகின்றன என்றும், மெல்லிய போர்வை பட்டாலுங்கூடப் பொறுக்கவில்லை என்றும் முறையிடுகிறவர்களுக்கு அநேகமாகக் கிடைப்பது மருந்தன்று. ரிப்போர்ட் நார்மலாக இருக்கிறது, வீணாக மனசை அலட்டிக்கொள்ளாதீர்கள் என்கிற உபதேசந்தான்.

சுவாசத்தைத் தாக்கும் வைரஸ் நரம்பிலும் கைவைக்கும் என்பதை வைத்திய உலகம் அறியாததன்று. 1916-ல் கியான், பாரே, ஸ்ட்ரோல் என்ற பிரெஞ்சு வைத்தியர்கள், கைகால் பலமிழந்த இரண்டு சிப்பாய்களின் தண்டுவட நீரில் அணுக்கள் பெருகாமல் புரதம் மட்டும் மிகுந்திருக்கக் கண்டு விவரித்த வியாதி, 2020-ல் வட இத்தாலியில், கொரோனாக் குறிகள் தோன்றிய 5 முதல் 10 நாட்களுக்குள் 5 பேரிடம் தலைகாட்டியது. கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட சரீரத்தின் சொந்த சக்தியே நரம்பைச் சிதைக்கிற அந்த உபாதை, மூச்சையே நிறுத்தக்கூடிய பயங்கரமாயினும், வெளிப்படையான சத்துரு. இம்யூனோகுளோபுலின் ஊசியும் பிளாஸ்மா மாற்றமும் அதற்கு உண்டு.

கண்ணுக்குப் புலப்படாத சேதமே நம்மைக் கலங்க வைக்கிறது. நரம்பில் மின்சாரம் பாய்ச்சி வேகத்தை அளக்கிற வழக்கமான பரிசோதனை, உறை போர்த்த பருமனான இழைகளை மட்டுமே விசாரிக்கிறதாதலால், வலியையும் உஷ்ணத்தையும் உணர்த்துகிற சன்ன இழைகள் பாதி அழிந்து கிடந்தாலும் அந்தக் காகிதத்தில் ஒரு கோடுகூடக் கோணாது. கணுக்காலுக்குச் சற்று மேலே 3 மில்லிமீட்டர் அகலத்துக்குத் தோலைக் கொத்தியெடுத்து, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பின் கீழ் இழைகளை ஒவ்வொன்றாக எண்ணினாலன்றி உண்மை வெளிப்படாது. கொரோனாவுக்குப் பின் அவ்வாறு எண்ணிப் பார்த்ததில் இழைகள் குறைந்திருந்தவர்களைப் பற்றி வைத்தியச் சஞ்சிகைகள் எழுதியுமிருக்கின்றன. எத்தனை ஊர்களில் இந்த வசதி இருக்கிறதென்று கேட்காதீர்கள்.

சர்க்கரை வியாதியும் பி12 குறைவும் இதே எரிச்சலைத் தரும், எல்லாப் பழியையும் வைரஸின் தலையில் கட்டலாகாது என்று சில வைத்தியர்கள் சொல்வது நியாயமே. ஆனால் அதற்குச் செய்யவேண்டியது ரத்தப் பரிசோதனையல்லவா? பிரமை என்று முத்திரை குத்தப்பட்டவர் வெட்கப்பட்டு மறுபடி யாரிடமும் காலைக் காட்டுவதில்லை. எரிச்சலைத் தணிக்கும் டுலாக்செடின், கபாபென்டின் போன்ற சாதாரண மாத்திரைகளும் அவரை எட்டுவதில்லை. சூடுணரும் இழைகளும் தேய்ந்தபின், வெந்நீர் வாளியில் வைத்த பாதம் கொப்புளித்திருப்பதைத் துடைக்கும்போதுதான் பார்க்கிறார்.