பற்சில்லும் பரமானமும்

இருபது பற்கள் கொண்ட பற்சில்லொன்றைக் காகிதத்தில் வரைந்து முடித்தபின், இருபத்துநான்கு பற்களே வேண்டும் என்று கூறப்பட்டால், முன்னர் வரைந்ததை நீக்கிவிட்டு மீண்டும் தொடங்கவேண்டும். இத்தொல்லையை நீக்கியது பரமான முறையில் அமைந்த கணினி வடிவமைப்பாகும்.

இம்முறையில் வடிவமைப்பாளர் உருவத்தை மட்டுமன்றி, அதன் உறுப்புகளுக்கிடையேயுள்ள தொடர்புகளையும் கணினிக்கு அறிவிக்கிறார். இத்தொடர்புகளை ஆளும் மாற்றத்தக்க அளவே பரமானம் எனப்படும். 1963ஆம் ஆண்டில் மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லண்ட் ஆக்கிய ‘ஸ்கெச்பாட்’ இதற்கு முன்னோடியாயிற்று.

இம்முறைக்குப் பற்சில்லு மிகப் பொருத்தமானது. ஏனெனில் அதன் அளவுகள் சில எண்களிலிருந்தே பிறக்கின்றன. பல்லின் பருமனைக் குறிக்கும் ‘மொடியூல்’ 2 மில்லிமீற்றர், பற்கள் 20 எனக் கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் இடைவட்ட விட்டம் 40 மில்லிமீற்றர் ஆகும். அத்துடன் மொடியூலின் இருமடங்கைக் கூட்ட, வெளிவிட்டம் 44 ஆகும். பற்களின் எண்ணிக்கையை 24 என மாற்றிய கணமே இவை முறையே 48, 52 என மாறிவிடுகின்றன.

பல்லின் பக்கவளைவும் கணிதத்திற்கு அமைந்ததே. நூற்கட்டையிற் சுற்றிய நூலைத் தளராமல் இழுத்துப் பிரிக்கும்போது அதன் நுனி வரையும் வளைகோடே ‘இன்வொலியூட்’ ஆகும். இவ்வளைவுடைய பற்கள் பொருந்திச் சுழலும்போது வேகவிகிதம் மாறுவதில்லை.

எனினும் கணினி, கேட்டதை வரையுமேயன்றி, கேட்டது தகுமா என்று தானாக ஆராய்வதில்லை. 20 பாகை அழுத்தக் கோணமுடைய வழக்கமான பற்சில்லில் பற்கள் 17இற்குக் குறைந்தால், வெட்டும் கருவி பல்லின் அடியைக் குடைந்துவிடும், பல் வலுவிழக்கும். மேலும், 40 பற்களுடைய துணைச்சில்லுடன் இணையும்போது முன்பு 60 மில்லிமீற்றராயிருந்த அச்சிடைத் தூரம், இம்மாற்றத்தால் 64 ஆகின்றது. இத்தொடர்பும் எழுதப்படாவிடின், திரையில் அழகாகத் தோன்றும் சில்லு இயந்திரப் பெட்டியினுள் பொருந்தாது.

ஆகவே, இத்தகைய எல்லைகளையும் விதிகளாக எழுதிவைப்பவரே தேர்ந்த வடிவமைப்பாளர். மீண்டும் வரையும் உழைப்பைக் கணினி ஏற்றுக்கொண்டது; எதை எதனோடு தொடர்புபடுத்த வேண்டும் என்று தெளியும் பொறுப்போ மனிதனிடமே உள்ளது.