பழைய எக்கோஸ்போர்ட் வாங்கலாமா?

திருச்சானூர், திருப்பதி வட்டாரத்தில் இருக்கும் நம்மவர்கள் பழைய கார் என்றதும் சென்னைக்குத்தான் ஓடுகிறார்கள். அண்மையில் என் மைத்துனருக்காக ஃபோர்டு எக்கோஸ்போர்ட் ஒன்று தேடி அலைந்தேன். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் வாங்கும் வண்டி; ஏமாந்தால் இன்னொன்று வாங்க வழியில்லை. தெரிந்துகொண்டதை அன்பர்களுக்கும் சொல்லிவைக்கிறேன்.

2013 ஜூனில் இங்கே விற்பனைக்கு வந்த இந்த வண்டி மறைமலைநகரில் தயாரானது. நீளம் 3,999 மி.மீ. நான்கு மீட்டருக்குள் இருந்தால் வரிச்சலுகை உண்டு என்பதால் வந்த அளவு இது! அடிப்பாகம் தரையிலிருந்து 200 மி.மீ. உயரம். நம் ஊர் வேகத்தடைகளில் இடிக்காது. நெடுஞ்சாலையில் அலைபாயாமல் போகும். டீசல் வண்டிக்கு லிட்டருக்கு 22.7 கி.மீ. என்று சான்று கொடுத்தார்கள். சாலையில் அத்தனை எதிர்பார்க்க வேண்டாம்.

பின் இருக்கையில் மூவர் உட்கார்ந்தால் நெருக்கம்தான். பின்கதவு பக்கவாட்டில் திறக்கும், ஸ்டெப்னியும் அதில்தான் தொங்குகிறது. தாயார் கோயில் தெருவில் பின்னால் ஆட்டோ ஒட்டி நின்றுவிட்டால் பெட்டியை எடுக்க முடியாது.

என் ஓட்டு 1.5 லிட்டர் டீசல், கையால் கியர் போடும் வண்டிக்கே. டைமிங் பெல்ட் மாற்றிய ரசீதைக் கேளுங்கள். 2017 வரை வந்த பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் இரட்டை கிளட்ச். நெரிசலில் குலுங்குகிறது என்ற புகார் பல நாடுகளில் எழுந்தது. 1 லிட்டர் டர்போ பெட்ரோல் ஓட்ட இன்பமானது. ஆனால் கூலன்ட் கசிந்து இஞ்சின் சூடேறினால் செலவு தாங்காது. சர்வீஸ் கணக்கு முழுமையாக இல்லையென்றால் விட்டுவிடலாம்.

நாங்கள் சென்னையில் பார்த்த முதல் வண்டி பளபளவென்று இருந்தது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தேன். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு! 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கின. 2021 நவம்பரில் ஸ்வர்ணமுகி பெருகியபோது நம் திருப்பதியும் தப்பவில்லை. ஆகவே உள்ளூர் வண்டியானாலும் இந்தச் சோதனை வேண்டும். மற்ற கார்களில் ஸ்டெப்னி வைக்கும் குழியைப் பார்த்தாலே சேறு தெரியும். இதில் அந்த வசதி இல்லை. தரைவிரிப்பைத் தூக்கி, சீட்டை நகர்த்தி, தண்டவாள போல்ட்டுகளில் துரு இருக்கிறதா பாருங்கள். முகப்பு விளக்கின் உள்ளும் பாருங்கள். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வெயிலில் நிறுத்தித் திறந்தால் வாடையே சொல்லிவிடும்.

உள்ளூர் வண்டியானால் விற்பவரையும் அழைத்துக்கொண்டு திருமலைக்குப் போய் வாருங்கள். இதைவிட நல்ல சோதனை ஏது? ஏறுவது 1974இல் திறந்த பாதை; அங்கே வெப்பமானியைக் கவனியுங்கள். இறங்குவது 1944இல் திறந்த பழைய பாதை. இரண்டாம் கியரில் இறங்கும்போது பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறதா என்பது தெரியும். மைத்துனர் கடைசியில் எடுத்த ஏ.பி. 03 பதிவு டீசல் வண்டியை இப்படித்தான் பார்த்தோம். தரிசனமும் ஆயிற்று.

2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. சர்வீஸும் உதிரி பாகமும் தொடரும் என்றும் சொன்னது. எனினும் முன்பணம் கொடுக்கும் முன்பே முகப்பு விளக்கு, கிளட்ச், பின்கதவு ஆகியவற்றின் விலையையும் எத்தனை நாளில் வரும் என்பதையும் விசாரியுங்கள்.

தமிழ்நாட்டு வண்டியானால் படிவம் 28இல் அந்த ஆர்.டி.ஓ.வின் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். பெயர் மாற்ற 29, 30; பழைய கடன் தீர்ந்ததற்கு 35. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் ஆந்திரப் பதிவு கட்டாயம். வண்டியின் வயதுக்கு ஏற்ப ஆயுள் வரியும் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் அதற்குத் தனியாக விண்ணப்பம் போட வேண்டும். சென்னை விலை மலிவா என்பதை இவற்றையும் கூட்டிப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.