ஓடுவது எது? நிற்பது எது?

ரயில் நிலையத்தில் சன்னலோரம் அமர்ந்திருக்கிறோம். பக்கத்துத் தண்டவாளத்தில் நிற்கும் வண்டி மெல்ல நகர்கிறது. “நம் வண்டி புறப்பட்டுவிட்டது!” என்று மகிழ்கிறோம். அதன் கடைசிப் பெட்டி கடந்ததும், அப்பாலுள்ள பிளாட்பாரத்துத் தூண்கள் அசையாமல் நிற்கக் கண்டு ஏமாறுகிறோம். நம் கண் பொய் சொல்லவில்லை. இரு வண்டிகளுக்கும் இடையே தூரம் மாறியதை மட்டுமே அது காட்டிற்று. ஓடுவது எது என்று அறியத் தூண் என்னும் மூன்றாவது பொருள் தேவைப்பட்டது. ஒரு பொருளைச் சார்ந்தே மற்றொன்றின் இயக்கத்தைக் கூற முடியும். இதுவே பௌதிகத்தில் சார்பு இயக்கம் எனப்படும்.

காற்றில்லாத வேளையில் மழை நேராகக் கீழே விழுகிறது. நிற்பவளுக்கு நேரே பிடித்த குடை போதும். ஆனால் பள்ளி மணி அடித்துவிடுமே என்று ஓடுபவளுக்குப் பாவாடையின் முன்புறம் நனைந்துவிடுகிறது! மழை சாய்ந்துவிட்டதா? இல்லை. நாம் முன்னே ஓடும் வேகத்தில் துளிகள் நம்மை நோக்கி வருவது போலாகிறது. எனவே, ஓடும்போது குடையை முன்பக்கம் சாய்க்க வேண்டும்.

இது விளையாட்டுக் கணக்கு மட்டுமன்று, உயிர் காக்கும் கணக்குமாகும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் லாரியை, 60 கி.மீ. வேகத்தில் செல்லும் நம் பஸ் முந்த முயல்கிறது எனக் கொள்வோம். லாரியைச் சார்ந்து பஸ்ஸின் வேகம் 10 கி.மீ. மட்டுமே. அதாவது, விநாடிக்கு 3 மீட்டருக்கும் குறைவு. இரு வண்டிகளின் நீளமும் இடைவெளியுமாக 50 மீட்டர் முந்த 18 விநாடிகள் ஆகும். அதற்குள் பஸ் சாலையில் 300 மீட்டர் ஓடிவிடும். எதிரே 60 கி.மீ. வேகத்தில் வரும் காரும் 300 மீட்டர் வந்துவிடும். ஆகவே, முந்தத் தொடங்கும்போது எதிரே 600 மீட்டருக்கு மேல் சாலை காலியாக இல்லாவிடில் ஆபத்துதான். வளைவில் முந்தக்கூடாது என்பதன் காரணம் இப்போது விளங்குகிறதன்றோ?

படகில் செல்வோருக்குக் கரை பின்னே செல்வதாகத் தோன்றுவது போலவே, நிலையான விண்மீன்கள் மேற்கே செல்வதாகத் தோன்றுகின்றன என்று ஆரியபட்டர் கி.பி. 499-இலேயே விளக்கினார். சீராகச் செல்லும் கப்பலின் மூடிய அறைக்குள் இருப்பவர், கப்பல் ஓடுகிறதா, நிற்கிறதா என்று அறிய முடியாது என 1632-இல் கலிலியோ எழுதினார். சூரியனைச் சுற்றி விநாடிக்கு ஏறத்தாழ 30 கி.மீ. வேகத்தில் செல்லும் பூமியில் நாம் அமைதியாக உறங்குவதும் இதனாலன்றோ!

பூமி இயங்குகிறது என்றதற்காகக் கலிலியோ 1633-இல் தண்டனை பெற்றார். அன்றைய இறையியல் வல்லுநர்கள் தவறினர் என்று 1992-இல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் ஏற்றுக்கொண்டார். தவற்றை ஏற்பதும் உண்மைக்குச் செய்யும் வணக்கமே. ஆகவே, பிறர் மீது குற்றம் காணுமுன், ஓடுவது நம் வண்டியோ என ஒரு முறை தூணைப் பார்த்துக்கொள்வோம்!