செத்தால் உயிர் போகாது, பணம் போகும்!
மண் தோண்டும் வீரனின் வீடியோ ஆட்டம்: நியாயமும் உண்டு, குழியும் உண்டு

சென்னை—

பொதுமக்களிடம் பணம் வசூலித்துவிட்டு இரவோடு இரவாகக் கம்பி நீட்டிய சீட்டுக் கம்பெனிக் கதை ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் புதிதல்ல.

இது கம்பி நீட்டாதவர்களின் கதை!

அமெரிக்காவில் வீடியோ கேம் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவர் ஷான் வெலாஸ்கோ. அவரும் கூட்டாளிகள் சிலரும் அந்த வேலையை விட்டுவிட்டு, "யாட் கிளப் கேம்ஸ்" என்று சொந்தமாக ஒரு சின்னக் கம்பெனி தொடங்கினார்கள். கையில் முதல் இல்லை. 2013-ம் ஆண்டு, "பழைய காலத்து ஆட்டம் போல ஒன்று செய்கிறோம்; முன்பணம் கொடுங்கள்" என்று இன்டர்நெட் வழியாக ஊரைக் கேட்டார்கள்.

கேட்டது 75 ஆயிரம் டாலர். வந்து குவிந்தது 3 லட்சத்து 11 ஆயிரம் டாலர்! கொடுத்தவர்கள் 14 ஆயிரம் பேருக்கு மேல்.

வேலை முடிவதற்குள் அந்தப் பணமும் கரைந்தது. கடைசி சில மாதம் சம்பளம் இல்லாமலே உழைத்தார்கள். 2014 ஜூன் 26-ந் தேதி ஆட்டம் வெளியானது. பெயர் "ஷவல் நைட்". முதல் மாதத்திலேயே சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம் பிரதி விற்றது.

பர்மா பஜார் டி.வி. கேம்

அப்படி என்னதான் இருக்கிறது இதில்?

1990-களில் பர்மா பஜாரில் டி.வி. கேம் வாங்கி, கேசட்டை 'பூ' என்று ஊதிச் சொருகிய ஆசாமிகளுக்குப் பார்த்ததுமே புரியும். மாரியோ, காண்ட்ரா வம்சத்துப் பிள்ளைதான் இது. ஓடணும், தாவணும், எதிரியைத் தீர்த்துக்கட்டணும். கட்டம் கட்டமான அதே பழைய படம். அதே கணகண சங்கீதம். பாட்டுகளில் இரண்டு, 1987-ல் வந்த "மெகா மேன்" ஆட்டத்துக்கு இசை போட்ட ஜப்பான் பெண்மணி மனாமி மட்சுமே போட்டவை.

கதையும் சின்னதுதான். கூடவே சண்டை போட்ட தோழி "ஷீல்டு நைட்" ஒரு கோபுரத்தில் மாட்டிக்கொண்டாள். எட்டு வில்லன்களை வீழ்த்தி அவளை மீட்கப் போகிறான் நம்ம ஆள். கையில் கத்தி கிடையாது. கரி அள்ளும் ஷவல்தான் ஆயுதம்! தோண்டினால் புதையல். தாவிக் கீழ்நோக்கிப் பிடித்தால் எதிரி மண்டையில் 'தொம் தொம்' என்று குதிக்கலாம். 1989-ல் வந்த "டக் டேல்ஸ்" ஆட்டத்தில் வாத்து மாமா கைத்தடியை ஊன்றிக் குதிப்பாரே, அதே வித்தை.

செத்தவன் திரும்பலாம்

பழைய காண்ட்ராவில் மூன்றே உயிர். மூன்றும் போனால் ஆள் காலி. ரகசிய பட்டன் வரிசை தெரிந்தவனுக்கு 30 உயிர். அவன்தான் தெருவுக்கே ராஜா! நடுவில் கரண்ட் போனால் அதுவரை ஆடியது கோவிந்தா.

ஷவல் நைட்டில் உயிர்க் கணக்கே இல்லை. எத்தனை தடவை செத்தாலும் எழுந்து வரலாம். முடித்த கட்டமும் பதிவாகி நிற்கும்.

ஆனால் தண்டனை உண்டு. செத்தால் சேர்த்த பொன்னில் ஒரு பங்கு பறிபோகும். அது மூட்டையாக அந்த இடத்திலேயே மிதக்கும். போய் எடுத்தால் உனக்கு. போகிற வழியில் மறுபடி செத்தால் பழைய மூட்டை அம்போ!

நடுநடுவே விளக்குக் கம்பங்கள் வரும். செத்தால் அங்கிருந்துதான் மறுபடி கிளம்பலாம். அந்த விளக்கை உடைத்தால் காசு கொட்டும். ஆனால் அடுத்த சாவுக்கு இன்னும் பின்னால் போய் விழணும். உடைக்கலாமா, வேண்டாமா? ஆடுகிறவனே முடிவு செய்யலாம். பேராசைக்கு விலை உண்டு. ஆனால் மோசடி இல்லை.

குறை இல்லையா?

இருக்கிறது.

அடி பட்டால் நம்ம ஆள் பின்னால் தூக்கி எறியப்படுகிறான். பின்னால் பள்ளம் இருந்தால் தீர்ந்தது கதை! உடம்பில் முழு பலம் இருந்தும் சாவு. முள்ளைத் தொட்டாலும் அப்படியே. பழைய ஆட்டங்களின் இந்த வஞ்சத்தை மட்டும் ஏன் விட்டுவைத்தார்களோ?

அடுத்து, பணம் சேரச் சேர கவசமும் மாயப் பொருளும் வாங்கிக் குவிக்கலாம். அப்புறம் வில்லன்கள் சிலர் வெறும் பொம்மை ஆகிவிடுகிறார்கள். ஓய்வு நாள் ஒன்றிலேயே முடித்துவிடலாம்.

மூன்றாவது, தாமதம். வில்லன்களில் மூன்று பேரை நாயகனாக வைத்தும் ஆட்டம் தருகிறோம் என்று பணம் கொடுத்தவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். 2015-ல் ஒன்று, 2017-ல் ஒன்று, கடைசியானது 2019 டிசம்பரில்! அதிலும் முதலாவது, ஏற்கனவே ஆடிய அதே கட்டங்களில் வேறு ஆளை ஓடவிட்டதுதான்.

ஆனாலும் ஒன்று. ஏற்கனவே வாங்கியவர்களிடம் இந்த மூன்றுக்கும் தனியாகக் காசு கேட்கவில்லை. லேட் ஆனாலும் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார்கள்.

ரெயிலிலும் ஆடலாம்

கம்ப்யூட்டரிலும் ஆடலாம், கையில் பிடிக்கும் நிண்டெண்டோ ஸ்விட்சிலும் ஆடலாம். கை பழகிவிட்டால், கடற்கரை ஸ்டேஷனில் ஏறி எண்ணூரில் இறங்குவதற்குள் ஒரு கட்டத்தை முடித்துவிடலாம்.

புதிதாக ஆடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: முதல் சுற்றில் விளக்கை உடைக்காதீர்கள். பள்ளத்துக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள்!