மண்ணில் கிடைத்த காசநோய் மருந்து
அகர் தட்டு: குறுக்குக் கோட்டுச் சோதனை
ரட்கர்ஸ் வேளாண் கல்லூரி, நியூ ஜெர்சி, அமெரிக்கா. இந்தத் தட்டு 1943ஆம் ஆண்டின் சோதனை முறைப்படி அமைக்கப்பட்டது.

தட்டின் நடுவே, சுண்ணாம்புப் பொடி தூவியதுபோல் சாம்பல் பச்சை நிறத்தில் ஓடும் கோடு ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிரைசியஸ் என்னும் மண் பாக்டீரியா. குறுக்கே இழுக்கப்பட்ட கோடுகள் மற்ற கிருமிகள். நடுக்கோட்டை நெருங்கும்போது சில கோடுகள் அறுந்துபோவதைக் கவனியுங்கள். மண் பாக்டீரியா சுரந்த பொருள் அகர் என்னும் வளர்ப்புக் கூழில் பரவி, அங்கே அவற்றை வளரவிடவில்லை.

இந்தச் சோதனைக்கு முன், மண்ணை நீரில் கலந்து பலமுறை நீர்க்கச் செய்து அகர் மீது பரப்புவார்கள். தனித்தனியாக முளைக்கும் கிருமித் திட்டுகளை ஒவ்வொன்றாகச் சோதிப்பார்கள். மிகுந்த பொறுமை கேட்கும் வேலை. பெரும்பாலானவற்றில் எதுவும் கிடைக்காது.

1943 அக்டோபரில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற 23 வயது ஆராய்ச்சி மாணவர் இந்தப் பாக்டீரியாவின் இரண்டு வகைகளைப் பிரித்தெடுத்தார். ஒன்று எரு நிறைந்த வயல்மண்ணிலிருந்து வந்தது. மற்றொன்று ஒரு கோழியின் தொண்டையிலிருந்து. அவை தந்த ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்து, பென்சிலினுக்கு அடங்காத காசநோய்க் கிருமியையும் தடுத்தது. அந்த ஆபத்தான கிருமியுடன் ஷாட்ஸ் கல்லூரிக் கட்டடத்தின் நிலவறையில் வேலை செய்தார்.

இந்தக் கண்டுபிடிப்பை அறிவித்து 1944 ஜனவரியில் வெளியான கட்டுரையில் ஷாட்ஸ், எலிசபெத் பூகி, ஆய்வகத் தலைவர் செல்மன் வாக்ஸ்மன் ஆகிய மூவரின் பெயர்களும் உள்ளன. 1952 நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. ஷாட்ஸ் வழக்குத் தொடுத்து, 1950இலேயே இணைக் கண்டுபிடிப்பாளர் என்ற உரிமையைப் பெற்றிருந்தார். பூகியின் பெயரும் இவர்களுடன் சேர்த்தே சொல்லப்பட வேண்டும்.